கால் நொடி

உங்களுக்கும் நினைவிருக்கும். பீஸான பல்பைக் குடைந்து தண்ணீர் ஊற்றி, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டு, அப்பாவின் வேட்டியில் படம் காட்டிய அந்தக் கோடை விடுமுறைகள். காசு கொடுத்து வாங்கிய பிலிம் துண்டில் எம்.ஜி.ஆர். கத்தியை ஓங்கியபடியே நிற்பார், இறக்கவே மாட்டார். அந்தக் கத்தியை இறங்க வைக்கும் வித்தையைக் கற்கத்தான் 1987-ல் மஞ்சள் பையோடு கோடம்பாக்கம் வந்தேன் என்று கேட்பவர்களிடமெல்லாம் இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் டைட்டில் கார்டில் பெயர் வரும், ஊரில் அத்தை மகள் பார்ப்பாள் என்றுதான் வந்தேன்.

அப்போதெல்லாம் ஒரு படம் லாட்ஜ் அறையில்தான் பிறக்கும். கதை விவாதம் என்று பெயர். ஆறேழு பேர் பாயில் சாய்ந்திருப்போம். மாலை நாலு மணிக்குப் பஜ்ஜி வரும். கதாநாயகிக்கு அப்பா இருக்கலாமா வேண்டாமா என்பதில் ஒரு வாரம் போகும். கதை நகராவிட்டாலும் பஜ்ஜித் தட்டு நகரும். இன்று பைண்டு செய்த திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு குளிரூட்டிய அறையில் பேசுகிறார்கள். பஜ்ஜி போய்விட்டது. கதாநாயகியின் அப்பா மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

பூஜை போட்டுப் படப்பிடிப்புக்குப் போனால், தையல் மிஷின் மாதிரி இரைகிற ஆரி கேமராவும், அதில் மாட்டிய நானூறு அடிச் சுருளும்தான் எங்கள் உலகம். நானூறு அடி என்றால் நாலரை நிமிடம்கூட ஓடாது. அதனால் வசனம் தடுக்கினால் நடிகரைவிடத் தயாரிப்பாளருக்கு அதிகம் வியர்க்கும். இப்போது கேமராவை அணைக்கவே யாருக்கும் மனசு வருவதில்லை. நடிகர் தலை சீவுவதுகூடப் பதிவாகிறது; அதை முழுக்கப் பார்த்துத் தீர்க்கவேண்டிய எடிட்டிங் பையன்களின் கண்களைப் பார்த்தால், எங்கள் வறுமை ஒரு வரம் என்றே தோன்றுகிறது.

எடுத்த பிலிம் லேபுக்குப் போய், கழுவி, ரஷ் போட்டு வரும்வரை என்ன எடுத்தோம் என்பது ஆண்டவனுக்கும் ஒளிப்பதிவாளருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அந்தக் காத்திருப்பை அன்று சபித்தேன். இன்று யோசித்தால், அந்த ஓர் இரவு முழுக்க நாங்கள் எல்லோரும் ஒரு மகத்தான படத்தை எடுத்து முடித்தவர்களாகவே தூங்கியிருக்கிறோம். இப்போது மானிட்டர் உடனுக்குடன் உண்மையைச் சொல்லிவிடுகிறது. உண்மை அவ்வளவு அவசரமாக யாருக்கு வேண்டும்?

என் ராஜ்ஜியம் சாலிகிராமத்தில், காற்றே வராத ஓர் எடிட்டிங் அறை. மூவியோலா முன்னால் எங்கள் எடிட்டர். பின்னால் துணி கட்டிய தொட்டியின் மேல், கொடியில் காயும் வடகம்போலத் தொங்கும் பிலிம் துண்டுகள். நடுவில், விரலெல்லாம் கீறலும் சட்டையெல்லாம் செல்லோடேப்புமாக நான். ஓர் அடிக்குப் பதினாறு பிரேம், ஒரு நொடிக்கு இருபத்துநாலு. ஓரத்து எண் அடிக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், ஆறு பிரேம் துண்டு தொலைந்தால் அது எந்த ஊர், எந்தப் பெயர் என்று கேட்க வழியில்லை.

நான் தொலைத்ததும் ஆறு பிரேம்தான். கதாநாயகி அழுகைக்கு முன் கண் இமைக்கிற இடம். “டேய், அந்தக் கண்ணு எங்கடா?” என்று எடிட்டர் கேட்க, அன்று மாலையிலிருந்து விடியும்வரை தொட்டியைக் கவிழ்த்து, குப்பையைச் சலித்து, ஒரு பெண்ணின் கண்ணைத் தேடினேன். கடைசியில் அவரே சலித்துப்போய், இமைப்பதற்கு முன்பே வெட்டி அடுத்த ஷாட்டை ஒட்டினார். ஓட்டிப் பார்த்துவிட்டு, “இதுதாண்டா சரி” என்றார். இரண்டு வாரம் கழித்து, என் பேண்ட் மடிப்பிலிருந்து அந்தக் கண் கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் டப்பிங், பின்னணி இசை, சென்சார் என்று படம் நடந்து முடிந்தது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் பதிமூன்றாயிரத்து ஐந்நூறு அடி. பிரித்துப் போட்டால் நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளும். அதைத் தகரப் பெட்டிகளில் அடைத்து ரயிலேற்றினால், ஊர்த் தியேட்டர் வாசலில் “பெட்டி வந்தாச்சா?” என்று ஒரு கூட்டம் காத்திருக்கும். வராவிட்டால், லேப் பாக்கி பைசலாகவில்லை என்று பொருள். இன்று பெட்டியும் ரயிலும் கிடையாது, படம் வன்தட்டிலோ வானம் வழியாகவோ போய்ச் சேர்கிறது. திறக்க ஒரு சாவிக்குறியீடு வேண்டும். முதல் காட்சி நின்றுபோனால் “கீ வரலை” என்கிறார்கள். பைசலாகாத பாக்கி மட்டும் அப்படியே இருக்கிறது.

1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’யை அவிட் என்ற கணினியில் வெட்டினார்கள் என்று கேள்விப்பட்டபோது, கணினிக்குப் பிலிமின் வாசனை தெரியுமா என்று டீக்கடையில் முழங்கினேன். மூன்றே வருடத்தில் அதே கணினியின் முன் உட்கார்ந்து, செய்ததைக் கலைக்கும் பொத்தானைக் கண்டுபிடித்து, யாரும் பார்க்காதபோது கும்பிட்டேன். இப்போது என் மேஜையில் ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’, ‘இதுதான் இறுதி’ என்று கோப்புகள் கிடக்கின்றன. இதுதாண்டா சரி என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் கண்ணைத் தொலைத்த அந்தப் படத்தில் என் பெயர் வந்தது, பதினோரு பேரோடு சேர்ந்து. அத்தை மகள் பார்க்கவில்லை. படம் வெளியாகுமுன் அவளுக்குக் கல்யாணமாகி பிலாய் போய்விட்டாள். படம் இரண்டு வாரம் ஓடியது. அதன் நெகடிவ் எங்கே என்று போன வருடம் யாரோ தேடியபோது, லேபும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை. மிஞ்சியது கேசட்டிலிருந்து எடுத்த மங்கலான பிரதி ஒன்று. அதில் டைட்டிலே கிடையாது.

என் பர்ஸில், பான் கார்டுக்குப் பின்னால், அந்த ஆறு பிரேம் இருக்கிறது. நிறம் சிவந்துபோய்விட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அவள் பாதி இமைத்தபடியே நிற்பாள், முழுக்க மூடவே மாட்டாள். எனக்குத் தெரிந்து அந்தப் படத்தில் பிலிமாக எஞ்சியிருப்பது இந்தக் கால் நொடிதான். அதுவும், படத்தில் இல்லாத கால் நொடி.