இடது பக்கத்துப் பெடல்

டிரைவிங் ஸ்கூல் காரில் கிளட்ச் பெடல் இரண்டு. கம்பெனி கொடுத்தது பழகுகிறவரின் காலடியில் இருக்கும். மற்றது, காரை வாங்கிய பிறகு வெளியில் செய்து மாட்டியது. இடது சீட்டில் உட்காரும் மாஸ்டரின் காலடியில், பிரேக்குக்குப் பக்கத்தில் நிற்கும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 24-ஆவது விதி, மோட்டார் சைக்கிள் தவிர மற்ற பயிற்சி வண்டிகளில் இந்த இரட்டைக் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஆபத்து என்றால் மாஸ்டர் வண்டியை நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. ஆனால் மாஸ்டர் கால் வைக்காத நேரத்திலும் அந்தப் பெடல் சும்மா இருப்பதில்லை. அதன் கேபிள், பழகுகிறவரின் பெடலைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பிடி சரியில்லை என்றால் ஓட்டக் கற்பது தள்ளிப்போகும். சிலருக்கு நின்றே போகும்.

தொண்ணூறுகளில் சேலத்தில் நான் பழகியது ஒரு வெள்ளை மாருதி 800-இல். வண்டி ஆஃப் ஆனால் தப்பு ஓட்டுகிறவருடையது என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பெண் என்றால் சொல்லவே வேண்டாம். "பொம்பளைங்களுக்கு பிரேக் வந்துரும், ஸ்டியரிங் வந்துரும், கிளட்ச் மட்டும் வராதும்மா" என்று மாஸ்டர் சாதாரணமாகச் சொல்வார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொல்லியிருப்பார். என்னோடு பழகிய டீச்சர் ஒருவர் அந்தப் பேச்சை நம்பி, எல்எல்ஆர் கையில் இருக்கும்போதே வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் பிறகு கார் ஓட்டவே இல்லை என்பது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அந்த 800-இல் பெடலை ஏறக்குறைய முழுக்க விட்ட பிறகுதான் வண்டி பிடிக்கும். அதுவரை ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று ஒரு ஜெர்க், வண்டி ஆஃப். உயரம் குறைந்தவர்கள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டிருப்பார்கள். காலை அவ்வளவு தூரம் பின்னால் தூக்கினால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். ஹாஃப் கிளட்ச்சில் நிறுத்திவைக்கச் சொன்னால் தொடை நடுங்கும்.

ஒருநாள் வண்டியை ஷெட்டில் விட்டிருந்தார்கள், நானும் போயிருந்தேன். அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் காரில் ஏறி உட்காரவில்லை. கதவைத் திறந்து குனிந்து, பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். இரண்டு முறை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கால்ல ஒண்ணும் இல்லம்மா. பெடல்ல பிளேயே இல்ல."

பெடலை அழுத்தும்போது முதல் கொஞ்ச தூரம் லேசாகப் போகவேண்டும். ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டைப் போய்த் தொடும்வரை இருக்கும் அந்த வெற்று ஓட்டம்தான் பிளே. கேபிள் கிளட்ச்சில் இது நாளாக நாளாகக் குறையும். கிளட்ச் பிளேட் தேயும்போது பிரஷர் பிளேட்டின் விரல்கள் பேரிங்கை நோக்கி வரும், இடைவெளி சுருங்கும், வண்டி பிடிக்கும் இடம் மேலே ஏறிக்கொண்டே போகும். ஒருகட்டத்தில் பேரிங் எப்போதும் ஒட்டியே சுற்றும், பிளேட் ஸ்லிப் ஆகும். கியர்பாக்ஸ் பக்கம், கேபிள் நுனியில் மரை போட்ட இடத்தில் ஒரு நட் இருக்கிறது. அதைத் தளர்த்தினால் பிளே திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பயிற்சி வண்டியில் அந்த நட்டை மட்டும் தொட்டால் போதாது.

அண்ணன் முதலில் செய்தது, மாஸ்டர் பக்கத்துக் கேபிளை முழுசாகக் கழற்றியது. அது பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்த பெடல். துணி காயப்போடும் கொடிபோல அதன் கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். யாரும் மிதிக்காமலே அது பழகுகிறவரின் பெடலைக் கொஞ்சம் கீழே இழுத்துவைத்திருந்தது. இருந்த கொஞ்சநஞ்ச பிளேயையும் அதுவே தின்றுவிட்டது. "மொதல்ல கம்பெனிப் பெடலு. அது சரியான பொறவுதான் நம்ம பெடலு" என்றார். இந்த வரிசையை நான் இன்றுவரை மாற்றியதில்லை.

பெடலுக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, கையால் அழுத்தி, எதிர்ப்பு தொடங்கும் இடம்வரை அளந்தார். நட்டைக் கொஞ்சம் தளர்த்துவார், வந்து அளப்பார், திரும்பப் போவார். பிளே அதிகமானாலும் கெடுதல்தான், பெடலை முழுக்க மிதித்தும் கிளட்ச் விடாது. அதைப் பார்க்க இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை முழுக்க மிதித்து, சற்றுப் பொறுத்து ரிவர்ஸ் போட்டார். கரகரவென்று சத்தம் வராமல் கியர் உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் மாஸ்டர் கேபிளைத் திரும்ப மாட்டினார், விரலால் அசைத்தால் ஆடுகிற அளவுக்குத் தொய்வு விட்டு. பெடல் திரும்பி வருவதற்கு யாரோ போட்டிருந்த முரட்டு ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு மெல்லியதாக ஒன்று மாட்டினார். தொடை நடுங்கியது பயத்தால் இல்லை, அந்த ஸ்பிரிங்கால்.

அன்று சாயங்காலம் அதே வண்டி, ஆக்சிலரேட்டரே கொடுக்காமல் ஹாஃப் கிளட்ச்சில் ஊர்ந்து நகர்ந்தது. மாஸ்டர் என்னைப் பாராட்டினார். பாராட்டு போய்ச் சேரவேண்டிய இடம் ஷெட்.

இப்போது நான் அதே ஊரில் இடது சீட்டில் உட்காருகிறேன். காலம் வெகுவாக மாறிவிட்டது, பெரும்பாலும் நல்லதுக்குத்தான். "பொம்பளைங்களுக்கு வராது" என்று வாய்விட்டுச் சொல்ல இன்று ஆட்கள் யோசிக்கிறார்கள். பல கார்களில் கிளட்ச் ஹைட்ராலிக்காகிவிட்டது. மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளுகிறது, கீழே ஸ்லேவ் சிலிண்டர் வேலையை முடிக்கிறது. பிளேட் தேய்ந்தாலும் அதுவே சரிசெய்துகொள்கிறது. நட்டைத் தேடி யாரும் குனிய வேண்டாம். 800-இன் உற்பத்தி நின்ற 2014-இல்தான் மாருதி, கிளட்ச் பெடலே இல்லாத ஏஎம்டியைச் செலிரியோவில் கொண்டுவந்தது. அதிலும் கிளட்ச் உள்ளே இருக்கிறது, மிதிப்பதுதான் மோட்டார். அந்த வகை வண்டியில் மாஸ்டர் பக்கம் பிரேக் மட்டும் போதும்.

இவ்வளவு மென்மையான கிளட்ச்சைக் கம்பெனி கொடுத்தும், பயிற்சி வண்டிக்கு வந்து சேரும்போது அது முரடாகிவிடுகிறது. டூயல் கண்ட்ரோல் இன்று பெட்டியில் கிட்டாக வருகிறது. கடையில் தரை மேட்டைத் தூக்கி, போல்ட் போட்டு, கிளிப் மாட்டி, கேபிளை இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். மாட்டிய பிறகு ஒருமுறைகூட ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்ப்பதில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு வந்த புது வண்டி அப்படித்தான் வந்தது. அதில் பழகியவர் ஒரு ஸ்டாஃப் நர்ஸ், குள்ளமான உருவம், நைட் டியூட்டி முடித்து நேராக வகுப்புக்கு வருவார். 2020-இல் திறந்த ஐந்து ரோடு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் வண்டி ஆஃப். "எனக்கு இது வராது மேடம், ஆட்டோமேட்டிக்கே எடுத்துக்கறேன்" என்றார். "ஆட்டோமேட்டிக் எடுங்க சிஸ்டர், நல்ல வண்டிதான். ஆனா வராதுன்னு நெனச்சுக்கிட்டு எடுக்காதீங்க" என்றேன்.

இன்ஜினை அணைத்துவிட்டு அவர் பெடலைக் கையால் அழுத்தினேன். மேலே வெற்று ஓட்டமே இல்லை. ஹைட்ராலிக்கில் இது கேபிள் வண்டியைவிட மோசம். பெடல் முழுசாக மேலே வராவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனும் முழுசாகத் திரும்பாது. எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பிப் போகிற துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் அழுத்தம் உள்ளேயே நிற்கும், ஏற்றத்தில் கிளட்ச் ஸ்லிப் ஆகும். பெடலுக்கு மேலே புஷ்ராடில் ஒரு லாக் நட் உண்டு. மாட்டியவர்கள் அதைத் திருப்பி ஒப்பேற்றப் பார்ப்பார்கள், அதைத் தொடக்கூடாது. தப்பு இருந்தது இடது பக்கத்துக் கேபிளில். கழற்றினேன், பெடல் தானாக மேலே வந்தது. தொய்வு விட்டு மாட்டினேன். கிட்டின் பிராக்கெட் மேட்டை மடித்துத் தூக்கியிருந்ததால் பெடல் தரைவரை போகாமலும் இருந்தது. காலையில் சில நேரம் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கும் அதுதான் காரணம். கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும் வண்டி அது. மேட்டை வெட்டினேன்.

சிஸ்டர் அடுத்த வாரம் மேம்பாலத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின்னால் உருளாமல் எடுத்தார். லைசென்ஸ் வந்ததும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய்வந்ததாகச் சொன்னார். மேனுவல் வண்டிதான்.

பழகப் போகிறவர்கள் முதல் நாளிலேயே, மாஸ்டர் பெடலில் கால் வைக்காதபோது உங்கள் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதல் கொஞ்ச தூரம் லேசாகப் போகவேண்டும். போகவில்லை என்றால் கேளுங்கள், தயங்க வேண்டாம். கிட் செய்து விற்கிறவர்களிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது: எல்லாக் காருக்கும் ஒரே முரட்டு ஸ்பிரிங் என்பதை விட்டுவிட்டு, மெல்லியது ஒன்றையும் பெட்டியில் சேர்த்துப் போடுங்கள். மாட்டுகிற பையனை வலது பக்கம் உட்காரவைத்து, ஒரு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.