பன்னிரண்டு பேர், பத்துக் கை

சென்ற இதழில் ரஷ்யப் புரட்சியைப் பற்றிய ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் சொன்னேன். அது போதாது என்று சொல்லி வந்த கடிதங்கள் ஒரு கட்டு. நியாயம்தான். இந்த வாரம் சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் லீவு. போல்ஷ்விக் கட்சியின் மத்தியக் குழுவைப் பற்றி மட்டும் பேசுவோம்.

மத்தியக் குழு, மத்தியக் குழு என்கிறார்களே, அது என்ன வேலை செய்யும்?
– பிளஸ் டூ மாணவர், கோவில்பட்டி

மாநாடு கூடும், கொடி ஏற்றும், கலைந்துவிடும். அடுத்த மாநாடு வரை கட்சியை யாராவது நடத்த வேண்டுமே தம்பி, அவர்கள்தான் மத்தியக் குழு. ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் முதல் மாநாடு 1898 மார்ச்சில் மின்ஸ்க் நகரத்தில் ஒரு சிறிய மரவீட்டில் நடந்தது. வந்தவர்கள் மொத்தமே 9 பேர். அவர்களில் 3 பேர் மத்தியக் குழு. அந்த ஆண்டு முடிவதற்குள் மூவரில் இருவர் கைதாகிவிட்டார்கள். தலைமைப் பதவி என்றால் முதலில் சிறைக்குப் போகிற பதவி என்றுதான் அன்றைக்கு அர்த்தம்.

'போல்ஷ்விக்' என்றால் பெரும்பான்மையினர் என்று அர்த்தமாமே? உண்மையிலேயே பெரும்பான்மையா?
– வங்கி ஊழியர், சேலம்

1903-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கி லண்டனில் முடிந்த இரண்டாவது மாநாட்டில், ஒரு கட்டத்தில் மட்டும். யார் கட்சி உறுப்பினர் என்ற விதியில் லெனின் தோற்றார், எதிரணித் தலைவர் மார்த்தவ் ஜெயித்தார். பிறகு யூதத் தொழிலாளர் அமைப்பான 'பண்ட்' வெளிநடப்பு செய்தது. கணக்கு மாறியது. தலைமையைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டில் லெனின் பக்கம் கை கூடியது. அன்று ஒட்டிக்கொண்ட பெயர், அவர்கள் சிறுபான்மையாகிப்போன நாட்களிலும் உதிரவில்லை.

தலைமைக் குழுவுக்குள்ளேயே போலீஸ் உளவாளி இருந்தார் என்கிறார் என் மாமா. வேலியே பயிரை மேய்ந்த கதையா?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

மாமா சொன்னது சரி. உளவாளியின் பெயர் ரோமான் மாலினோவ்ஸ்கி. உலோகத் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர், பிரமாதமான பேச்சாளர். 1912 ஜனவரியில் பிராக் நகரக் கூட்டத்தில் மத்தியக் குழுவுக்கு வந்தார். அதே ஆண்டு மாஸ்கோவிலிருந்து தூமாவுக்கும், அதாவது நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். போல்ஷ்விக் உறுப்பினர்களுக்கு அங்கே அவர்தான் தலைவர். சம்பளமோ, சார் மன்னரின் ரகசியப் போலீஸான ஓக்ரானாவிடமிருந்து. கட்சித் தோழர்களான ஸ்டாலினையும் ஸ்வெர்த்லோவையும் 1913-இல் காட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

வதந்தி கிளம்பியது. லெனின் கடைசிவரை நம்பவில்லை. 1917-இல் சார் ஆட்சி விழுந்து போலீஸ் ஆவணங்கள் திறந்தபோதுதான் உண்மை வெளிவந்தது. அடுத்த ஆண்டு, வெளிநாட்டிலிருந்த மாலினோவ்ஸ்கி தானாகவே ரஷ்யாவுக்குத் திரும்பி வந்தார். விசாரித்துச் சுட்டுவிட்டார்கள். ஓடி ஒளிந்திருக்கலாம், ஆனால் வந்தார். அவரைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் என் மனம் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது.

பக்கத்துக் கட்சியின் கதை இன்னும் மோசம். சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியின் மத்தியக் குழுவிலிருந்த அஸெஃப், அமைச்சர் பிளேவேயைக் கொன்ற ஆயுதப் பிரிவுக்கே தலைவர். அவரும் போலீஸ் ஆள். கட்சியைப் போலீஸுக்கு விற்றார், போலீஸின் அமைச்சரைக் கட்சிக்குப் பலி கொடுத்தார். 1908-இல் பூர்த்சேவ் என்ற பத்திரிகையாளர் அவரை அம்பலப்படுத்தினார்.

புரட்சி செய்வது என்று முடிவெடுத்த கூட்டம் எங்கே நடந்தது? பெரிய மண்டபமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு, ஐயா. பெத்ரோகிராதில் கர்ப்போவ்கா ஆற்றங்கரை, 32-ஆம் எண் கட்டடம். பழைய நாட்காட்டிப்படி 1917 அக்டோபர் 10, இப்போதைய கணக்கில் 23. வீட்டுக்காரி கலினா போல்ஷ்விக். கணவர் சுகானோவ் எதிரணி, அதாவது மார்த்தவின் மென்ஷ்விக் பக்கம். பத்திரிகை அலுவலகத்தில் வேலை. 'வெகு தூரம் அலைய வேண்டாம், இன்று ராத்திரி அங்கேயே தங்கிக்கொள்ளுங்களேன்' என்ற பாணியில் அன்பாகச் சொல்லி அனுப்பினாள் மனைவி. அவரும் தங்கிக்கொண்டார். பின்னால் புரட்சியைப் பற்றி ஏழு தொகுதி நினைவுக் குறிப்பு எழுதிய மனிதர் அவர். அதன் முடிவு தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே எடுக்கப்பட்டதை அன்று அறியாமல் தூங்கியிருக்கிறார்!

லெனின் தலைமறைவிலிருந்து வந்தார். தாடி மீசையை மழித்து, வழுக்கையில் விக் வைத்திருந்தார். மழுமழுவென்று முகம் வைத்திருக்கும் இன்னொரு குழு உறுப்பினர் ஸினோவியேவ் தாடி வளர்த்து, தன் அடர்ந்த முடியை வெட்டியிருந்தார். ஒருவர் தாடியை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொண்டதுபோல இருந்திருக்கும்! மத்தியக் குழுவில் 21 பேர். வந்தது 12. தேநீர், ரொட்டி, சாசேஜ். வாக்குவாதம் விடியற்காலை நெருங்கும்வரை போனது. குழந்தைகளின் கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில், கடித்த பென்சிலால் லெனின் தீர்மானத்தை எழுதியதாக அங்கிருந்த த்ரோத்ஸ்கி சொல்கிறார். ஆதரவு 10, எதிர்ப்பு 2. எதிர்த்தவர்கள் கமேனெவும் ஸினோவியேவும்.

லெனின் சொன்னால் மறுபேச்சே கிடையாது என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?
– தொழிற்சங்கத் தோழர், ஆவடி

தோழர், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளத்தான் நான் இந்தப் பக்கம் முழுவதையும் எழுதுகிறேன். 1917 செப்டம்பரில் 'உடனே எழுச்சி' என்று லெனின் ஒளிவிடத்திலிருந்து கடிதம் மேல் கடிதம் எழுதினார். மத்தியக் குழு என்ன செய்தது தெரியுமா? ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொள்வது என்று ஓட்டெடுத்தது. ஆதரவு 6, எதிர்ப்பு 4, நடுநிலை 6. நொந்துபோன லெனின் குழுவிலிருந்து ராஜினாமா செய்கிறேன் என்று எழுதினார். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் தீர்மானத்துக்குப் பின் கமேனெவ் அந்த ரகசியத்தை வெளிப் பத்திரிகையில் போட்டு உடைத்தார். இருவரையும் கட்சியைவிட்டு நீக்குங்கள் என்று லெனின் கொதித்தார். நீக்கவில்லை. ஆட்சி வந்த பத்து நாளில், மற்ற சோஷலிஸ்ட்டுகளையும் அரசில் சேர்க்கவில்லை என்று 5 பேர் குழுவிலிருந்து விலகினார்கள்.

1918 பிப்ரவரி 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் படை முன்னேறுகிறது. ஜெர்மனி கொடுத்த கெடு 48 மணி நேரம். கடுமையான நிபந்தனைகளை ஏற்றுச் சமாதானம் செய்யாவிட்டால் நான் விலகுகிறேன் என்றார் லெனின். ஆதரவு 7, எதிர்ப்பு 4, நடுநிலை 4. அந்த நாலு பேரில் த்ரோத்ஸ்கியும் ஒருவர். அவர்கள் எதிர்த்துக் கை தூக்கியிருந்தால் லெனின் தோற்றிருப்பார். எதிர்த்தவர்களில் புகாரினும் உண்டு. யாரையும் சிறையில் போடவில்லை. எனக்கு இந்தக் குழுவின் மேல் மரியாதை வருவது இந்த நாட்களை நினைத்துத்தான்.

குழுவில் பெண்களே இல்லையா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

குறைவு. ஆனால் அந்த 10-ஆம் தேதி இரவு கை தூக்கியவர்களில் அலெக்சாந்த்ரா கொலந்தாய் இருந்தார். கூட்டக் குறிப்பு எடுத்தவர் வர்வாரா யாகொவ்லேவா. சமாதான ஓட்டில் லெனினுக்கு விழுந்த ஏழில் ஒன்று எலேனா ஸ்தாசோவாவுடையது. இன்னொருத்தி இருக்கிறாள். கணவரை வீட்டுக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்ட கலினா. அவளுக்கு ஓட்டு இல்லை.

பிறகு எப்போது கெட்டது?
– மளிகைக் கடைக்காரர், கும்பகோணம்

ஒரே நாளில் பால் திரியாது அண்ணாச்சி. 1919-இல் அன்றாட முடிவுகளுக்கு ஐந்து பேர் கொண்ட பொலிட்பீரோ, ஆள் நியமனத்துக்கு அமைப்புக் குழு, காகித வேலைக்குச் செயலகம் என்று பிரித்தார்கள். காகித வேலைதானே என்று 1922 ஏப்ரலில் அதை ஸ்டாலினிடம் கொடுத்தார்கள். எந்த மாவட்டத்துக்கு யார் செயலாளர் என்பது அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. அந்தச் செயலாளர்கள்தான் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்புவார்கள். பிரதிநிதிகள்தான் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். சுற்றி வந்து கல்லாப்பெட்டிச் சாவி ஒரே ஆள் இடுப்பில்!

லெனின் படுக்கையில் கிடந்தபடி, டாக்டர்கள் அனுமதித்த சில நிமிடங்களில் கடிதம் சொல்லி எழுத வைத்தார். குழுவை 50, 100 பேராகப் பெருக்குங்கள், தொழிலாளர்களைக் கொண்டுவாருங்கள் என்றார். 1923 ஜனவரி 4-இல், ஸ்டாலினை அந்தப் பதவியிலிருந்து மாற்றுங்கள் என்றும் சேர்த்தார். குழு பெருகியது, ஸ்டாலின் மாறவில்லை. அந்தக் கடிதம் சோவியத் நாட்டில் அச்சேற 1956 ஆயிற்று. 1934-இல் முழு உறுப்பினர், மாற்று உறுப்பினர் சேர்த்து 139 பேர். அவர்களில் 98 பேர் கைதாகிச் சுடப்பட்டார்கள் என்று ஸ்டாலினுக்குப் பின் கட்சித் தலைமைக்கு வந்த குருஷ்சேவ் 1956-இல் சொன்னார். பத்துக்கு ஏழு.

அப்புறம் அந்தக் குழு எழுந்து நிற்கவே இல்லையா?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

ஒரு தடவை நின்றது. 1957 ஜூனில், பொலிட்பீரோவின் இடத்திலிருந்த மேல்குழுவில் 7-க்கு 4 என்று குருஷ்சேவை இறக்கப் பார்த்தார்கள். 'என்னைத் தேர்ந்தெடுத்தது மத்தியக் குழு, அதுவே முடிவு செய்யட்டும்' என்று அவர் அசையவில்லை. உறுப்பினர்களை ராணுவ விமானத்தில் அள்ளிக்கொண்டு வந்தார்கள். குருஷ்சேவ் ஜெயித்தார். தோற்ற மோலதோவை மங்கோலியாவுக்குத் தூதராக அனுப்பினார்கள், மலென்கோவை மின் நிலையத்துக்கு. சுடவில்லை. 1964-இல் அதே குழு குருஷ்சேவையும் இறக்கியது.

அன்றிரவு கர்ப்போவ்கா வீட்டில் இருந்த 12 பேர் பிறகு என்ன ஆனார்கள்?
– நூலகர், திருநெல்வேலி

இந்தக் கேள்வி வர வேண்டும் என்று காத்திருந்தேன். ஊரீத்ஸ்கி 1918-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஸ்வெர்த்லோவ் 1919-இல் நோயால் போனார். லெனின் 1924. ஜெர்ஷின்ஸ்கி 1926-இல் மத்தியக் குழுக் கூட்டத்தில் ஆவேசமாகப் பேசிவிட்டு வந்து அன்றே இறந்தார். எதிர்த்து ஓட்டுப்போட்ட இருவரும் 1936 ஆகஸ்டில் ஒரே வழக்கில் சுடப்பட்டார்கள். ஆதரித்துப் போட்ட புப்னோவும் லோமோவும் அடுத்தடுத்துச் சுடப்பட்டார்கள். சொகோல்னிகோவ் 1939-இல் சிறையிலேயே கொல்லப்பட்டார். த்ரோத்ஸ்கி 1940-இல் மெக்சிகோவில். அதே ஆண்டு, அன்றிரவு வீட்டுக்கு வராத சுகானோவையும் சுட்டார்கள்.

மிச்சம் இரண்டு பேர். ஒருவர் ஸ்டாலின். இன்னொருவர் நார்வே, மெக்சிகோ, ஸ்வீடன் என்று தூதராகவே காலத்தைக் கழித்த கொலந்தாய். அவர் 1952 மார்ச்சில் மாஸ்கோவில் காலமானார். ஸ்டாலின் அடுத்த மார்ச்சில்.