வீடு எங்கே, பள்ளி எங்கே, கல்லூரி எங்கே?

கேள்வி: வீடு பாறசாலையில். மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை களியக்காவிளைப் பக்கம் பாட்டி வீட்டில் நின்று, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தாள். இப்போது மார்த்தாண்டத்தில் கல்லூரி. கேரளத்துப் பிள்ளைக்குப் புதுமைப்பெண் பணம் கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?
- ஒரு தந்தை, பாறசாலை

பதில்: ஊரிடம் கேட்காதீர்கள், கல்லூரியில் கேளுங்கள். புதுமைப்பெண் திட்டம் முதலில் பார்ப்பது பிள்ளை படித்த பள்ளியைத்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம் இது. 2024 டிசம்பர் கடைசியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிந்தது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். பழைய பள்ளிக்குப் போய் எமிஸ் எண்ணையும், ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்றையும் வாங்கிக் கல்லூரியில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் இது உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. அன்றிலிருந்து நம் பிள்ளைகளுக்கு வீடு ஒரு மாநிலம், பள்ளி ஒரு மாநிலம், கல்லூரி ஒரு மாநிலம் என்று ஆவது சகஜம். எந்த உதவித்தொகையை எடுத்தாலும் அது இந்த மூன்றில் எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். தொகை எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: நான் நேர் எதிர். படித்தது பாறசாலைப் பள்ளி, சேர்ந்தது மார்த்தாண்டம் கல்லூரி. எனக்குத் தமிழ்ப்புதல்வன் உண்டா?
- மாணவர், இஞ்சிவிளை

பதில்: இல்லை. 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்காக வந்த அந்தத் திட்டமும் தமிழ்நாட்டுப் பள்ளியைத்தான் கேட்கிறது. கல்லூரி கேரளத்துக்கு வெளியே இருப்பதால் கேரள உயர்கல்வி கவுன்சில் உதவித்தொகையும் உங்களுக்கு இல்லை. ஆனால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு எல்லை கிடையாது. கல்லூரி இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இன்றே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: பிளஸ் டூவில் 84 சதவீதம். அந்த மத்திய உதவித்தொகைக்கு 80 போதும் என்றார்கள். கிடைத்துவிடும்தானே?
- மாணவி, தனுவச்சபுரம்

பதில்: அவர்கள் கேட்பது 80 சதவீதம் அல்ல மக்களே, 80 பர்சென்டைல். உங்கள் வாரியத்தில் உங்கள் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்ற நூறு பேரில் எண்பது பேரை நீங்கள் முந்தியிருக்க வேண்டும். மதிப்பெண் தாராளமாக விழும் ஆண்டில் 84 எடுத்தவர்கூட அந்த எண்பதுக்குள் அடங்கிவிடலாம். வாரியம் அந்த ஆண்டுக்கான எல்லை மதிப்பெண்ணை வெளியிடும், அதைப் பாருங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால், குடும்ப வருமானமும் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால், தயங்காமல் போடுங்கள். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள், அதில் பாதி பெண்களுக்கு.

கேள்வி: அதே மத்திய உதவித்தொகை, கேரள உயர்கல்வி கவுன்சில் உதவித்தொகை இரண்டுக்கும் எனக்குத் தகுதி உண்டு. எதை எடுப்பது?
- மாணவர், உதியன்குளங்கரை

பதில்: மூன்று ஆண்டையும் கூட்டிப் பாருங்கள். மத்திய உதவித்தொகை இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000, மூன்று ஆண்டில் 36,000. கவுன்சில் தருவது முதலாண்டு 12,000, இரண்டாமாண்டு 18,000, மூன்றாமாண்டு 24,000, ஆக 54,000. முதலாண்டை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், 18,000 ரூபாய் வித்தியாசம் கண்ணில் படாது. ஆனால் கவுன்சிலுக்கு ஆண்டுக்கு ஆயிரம் இடங்கள்தான், கலை, அறிவியல், வணிகம் போன்ற படிப்புகளுக்கு மட்டும். அதனால் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டும் வந்தால் ஒன்று வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள், இரண்டையும் வைத்துக்கொள்ள விதி இடம் தராது. மத்திய உதவித்தொகையைப் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வாரக்கணக்கில் லீவு போடுகிறவர்கள் அந்த வருகைக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: அப்பா நெய்யாற்றின்கரை தாலூகா, அம்மா விளவங்கோடு. நாங்கள் பட்டியல் சாதி. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தனித்தனியாகச் சாதிச் சான்றிதழ் வாங்கி இரண்டு பக்கமும் விண்ணப்பிக்கலாமா?
- வெள்ளறடை

பதில்: வேண்டாம். பட்டியல் சாதித் தகுதி மாநிலத்தோடு ஒட்டியது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்கிறவர் அந்தத் தகுதியைக் கூடவே கொண்டுபோக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. இரண்டு சான்றிதழ் வைத்திருப்பது பிற்பாடு வேலை நேரத்தில் பெரிய வம்பாக வந்து நிற்கும்.

உங்களுக்குச் சாதகமான விதியும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேலான படிப்புக்குத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைக் கொடுப்பது, குடும்பம் நிலையாகக் குடியிருக்கும் மாநிலம். கல்லூரி எந்த மாநிலத்தில் என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். வெள்ளறடை வீட்டுப் பிள்ளை நாகர்கோவிலில் படித்தாலும் விண்ணப்பம் கேரளத்துக்குத்தான் போக வேண்டும். சேருவதற்கு முன்பே உங்கள் பிளாக்கின் பட்டியல் சாதி மேம்பாட்டு அலுவலரிடம் போய், இந்தக் கல்லூரி, இந்தப் படிப்பு, இந்த இடம் ஏற்கப்படுமா என்று கேட்டுவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வகுப்பில் ஈ-கிராண்ட்ஸ் வழியாகப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வாங்குகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். தூக்கவே இல்லை. கையேந்துவது போல இருக்கிறது. விட்டுவிடலாமா?
- மாணவி, நெய்யாற்றின்கரை

பதில்: விடக்கூடாது மக்களே. உங்கள் தாலூகாவின் கதையையே உங்களுக்குச் சொல்கிறேன்.

வெங்கானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. அந்த ஊர் நெய்யாற்றின்கரைத் தாலூகாதான். ஒடுக்கப்பட்ட தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்று மேல்சாதியினர் மறுத்தபோது, அப்படியானால் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தியவர். கூலியைவிடப் பள்ளிக்கூடத்தை முன்னால் வைத்து ஏழை உழவுத் தொழிலாளிகள் பட்டினி கிடந்த போராட்டம் அது. பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிப்போனார். பிள்ளை உட்கார்ந்த பள்ளிக்கே தீ வைத்தார்கள். அதில் பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை இன்றும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பள்ளி இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

1937இல் காந்தி வெங்கானூருக்கு வந்தபோது அய்யன்காளி சொன்ன ஆசை என்ன தெரியுமா? தாம் சாவதற்குள் தம் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்பது. கேட்டது பத்தே பத்து. 1941இல் அவர் இறந்தார். அதற்குப் பிறகு மூன்றாண்டில், 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. அம்பேத்கர் அப்போது வைஸ்ராய் கவுன்சிலில் உறுப்பினர். அவரே பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார்.

நீங்கள் வாங்கும் பணத்தின் வரலாறு இது. கை தூக்கச் சொன்னவர் செய்தது தவறு, அந்தப் பட்டியல் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, வகுப்பில் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. இதைக் கல்லூரி முதல்வரிடம் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: அப்பா கடல் தொழில். நாங்கள் லத்தீன் கத்தோலிக்கர். எனக்கு என்ன உண்டு?
- மாணவி, பொழியூர்

பதில்: இரண்டு கதவைத் தட்டுங்கள். ஒன்று மீன்வளத் துறை. அப்பா மீனவர் நல வாரியத்தில் பதிவு செய்தவர் என்றால், கல்விச் சலுகையைப் பற்றி மத்ஸ்யபவனில் கேளுங்கள். சந்தா விடாமல் கட்டியிருக்கிறாரா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். மற்றது சிறுபான்மையினர் நலத் துறையின் சி.எச். முகமது கோயா உதவித்தொகை. முஸ்லிம், லத்தீன் கத்தோலிக்க, மதம் மாறிய கிறிஸ்தவப் பெண் பிள்ளைகளுக்கானது. இளங்கலைக்கு ஆண்டுக்கு 5,000, முதுகலைக்கு 6,000, தொழிற்படிப்புக்கு 7,000, விடுதியில் தங்கினால் 13,000. பெயரைப் பார்த்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விட்ட கடற்கரைப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கேள்வி: மகள் பாலிடெக்னிக்கில் டிப்ளமா. டிகிரிக்காரர்களுக்குத்தான் பணமாமே?
- ரப்பர் வெட்டுத் தொழிலாளி, பரசுவைக்கல்

பதில்: யார் சொன்னது? உங்கள் மகளுக்குத்தான் இந்தப் பகுதியிலேயே நல்ல வாய்ப்பு. ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் பிரகதி உதவித்தொகை, தொழில்நுட்பப் படிப்புப் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். டிப்ளமாவுக்கு மூன்றாண்டில் ஒன்றரை லட்சம். வருமான வரம்பு 8 லட்சம். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். விண்ணப்பம் அதே தேசிய இணையதளத்தில்தான். முதலாண்டிலேயே போடுங்கள்.

கேள்வி: பெங்களூரில் நர்சிங். ஏஜென்ட் 50 சதவீத ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன், மீதிக்கு லோன் என்கிறார். அட்வான்ஸ் நாளைக்குள் கேட்கிறார்.
- ஒரு தாய், செங்கல்

பதில்: நாளைக்குள் கொடுக்காதீர்கள். எதில் 50 சதவீதம்? அவராகவே ஏற்றிச் சொன்ன கட்டணத்தில் பாதி என்றால் அது ஸ்காலர்ஷிப் ஆகாது, விலைப்பேச்சு. டியூஷன், ஹாஸ்டல், சாப்பாடு, யூனிபார்ம், தேர்வுக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு என நான்கு ஆண்டையும் எழுதி, கல்லூரியின் முத்திரையோடு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டாத பணத்தை மட்டும் அதிலிருந்து கழியுங்கள். லோனைக் கழிக்கக் கூடாது, அது உங்கள் பணம்தான், பிறகு கொடுக்கும் பணம். இந்தக் குழப்பம் நம்மூரில் மட்டுமல்ல. அமெரிக்காவில் கல்லூரிகள் மாணவருக்கு அனுப்பும் உதவிக் கடிதங்களை அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2022இல் ஆராய்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு கல்லூரிகள் உண்மைச் செலவைச் சொல்லாமல் விட்டன, அல்லது குறைத்துச் சொன்னன.

லோன் கணக்கையும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு ஆண்டும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதுக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நான்காவதுக்கு 20,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000 ஆகியிருக்கும். வருமானம் நான்கரை லட்சத்துக்குள் என்றால் தொழிற்படிப்புக்கு இந்த இடைக்கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உண்டு. இந்தக் கல்லூரிக்கும் படிப்புக்கும் அது பொருந்துமா என்று ஏஜென்டிடம் கேட்காதீர்கள், பேங்க் மேனேஜரிடம் கேளுங்கள். பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டம் 2024 நவம்பரில் வந்தபோது அதன் பட்டியலில் 860 கல்வி நிறுவனங்கள் இருந்தன, இப்போதைய பட்டியலிலும் பெயரைத் தேடுங்கள்.

அசல் சான்றிதழை யார் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்திருக்கிறது.

கேள்வி: அப்ரூவ்டு என்று காட்டுகிறது. நான்கு மாதமாகப் பணம் வரவில்லை.
- காரோடு

பதில்: வந்திருக்கலாம், வேறு கணக்கில். உதவித்தொகை நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கைத் தேடிப் போவதில்லை, கடைசியாக ஆதாரோடு எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அங்கே போய் விழும். என் தங்கை மகளுக்கு ஓராண்டுத் தொகை முழுக்க, பள்ளியில் படிக்கும்போது தொடங்கி மறந்துபோன ஒரு கணக்கில் கிடந்தது. பாஸ்புக்கைத் தேடி எடுக்கவே இரண்டு வாரம் ஆனது. பேங்கில் போய் உங்கள் ஆதார் எந்தக் கணக்கோடு என்.பி.சி.ஐ.யில் இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். பெயரையும் பாருங்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர் என்றால், விண்ணப்பம் போடும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.

கேள்வி: 500 ரூபாய் கட்டினால் உதவித்தொகை உறுதி என்று போனில் பேசினார்கள்.
- குளத்தூர்

பதில்: போனை வையுங்கள். ஓ.டி.பி.யையும் சொல்லாதீர்கள். தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை.

கேள்வி: அரசு அல்லாத உதவி ஏதாவது?
- மாணவர், அமரவிளை

பதில்: நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, ஆகவே அங்கும் பள்ளி எங்கே என்பதுதான் கேள்வி. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவருக்கு வித்யாதன் உதவித்தொகை உண்டு, ஷிபுலால் தம்பதியர் 1999இல் தொடங்கியது. பிளஸ் ஒன்னில் நுழைந்தவர்களைக் கல்லூரி வரை தொடர்ந்து படிக்க வைக்கிறார்கள். உங்களுக்குக் காலம் கடந்திருந்தால் தம்பி தங்கைக்குச் சொல்லுங்கள், பத்தாம் வகுப்பு முடிவு வந்த உடனே.

கேள்வி: அம்மாவுக்கு அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) வேலை. ஒரு நாள் லீவு போட்டால் கூலி போகும். வில்லேஜ் ஆபீஸ், அக்ஷயா, பேங்க் எல்லாவற்றையும் ஒரே நாளில் அம்மா முடிக்க வழி சொல்லுங்கள்.
- முதலாண்டு மாணவி, கொல்லயில்

பதில்: அம்மா எதற்கு? வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் ஈ-டிஸ்ட்ரிக்ட் தளத்தில் நீங்களே பெயர் பதிந்து போனிலிருந்து விண்ணப்பிக்கலாம். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் இன்று ராத்திரி அம்மா வேலை முடிந்து வந்ததும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து வேண்டிய தாள் இருந்தால் அப்போதே வாங்கிவிடுங்கள். வில்லேஜ் ஆபீசர் டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்று போனிலேயே வந்துவிடும். தளத்தில் தடுமாறினால் சனிக்கிழமை அக்ஷயாவுக்குப் போங்கள். பேங்கில் கணக்கு உங்கள் பெயரில், ஆதாரும் உங்களுடையது, விரலும் உங்களுடையது. கல்லூரி விட்டு வரும் வழியில் முடித்துவிடலாம்.

அம்மா வேலைக்குப் போகட்டும்.