யாரையும் கேட்காத வீட்டின் பெருமை

கட்டடக் கலைஞர்களின் பாடு பெரும்பாடு. ஒரு வீட்டுக்கு வரைபடம் போட வீட்டுக்காரரோடு மாதக்கணக்கில் பேச வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, படி கூடாது என்பார்கள். பெண்ணுக்கு இரவு நேர வேலை, அவளுக்குச் சத்தம் எட்டாத அறை வேண்டும் என்பார்கள். வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து கொடுத்தாலும் குடிபுகுந்த மறுமாதமே அடுப்படி இருட்டு என்று குறை வரும்.

இந்தத் தொல்லை ஒன்றுமே இல்லாமல் தமிழ்நாடு முழுக்க லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு கொடுத்த மேதை ஒன்று உண்டு. அதுதான் அரசின் மாதிரி வரைபடம். அதன்படி கட்டியதை நாம் தொகுப்பு வீடு என்கிறோம். எந்தக் குடும்பத்தையும் ஒரு கேள்விகூடக் கேட்டு அது சிரமப்படுத்தியதில்லை. ராமநாதபுரத்துக் கடற்கரை மணலில் எந்த வீடோ, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் மார்கழிப் பனி இறங்கும் சரிவிலும் அதே வீடு. வெயிலுக்கும் குளிருக்கும் வேற்றுமை பாராட்டாத இந்தச் சமநோக்கு எத்தனை பேருக்கு வரும்?

இதன் நன்மைகளில் கலப்படமே கிடையாது. புல் கூரை தீப்பிடிக்கும், கான்கிரீட் பிடிக்காது. கூரைக்கு மாற்றுப் புல் அறுத்துச் சுமந்து வரும் வேலை போயிற்று. பெரிய மழையில் மண் சுவர் சரிந்து ஆள் சாகும் பயம் போயிற்று. மலையில் ஒரு தாய் இரவில் பயமில்லாமல் தூங்குகிறாள் என்றால் அந்தப் புண்ணியம் இந்தத் தளத்துக்கு உண்டு. உள்ளபடியே சொல்கிறேன்.

அளவிலும் வள்ளன்மைக்குக் குறைவில்லை. 2010இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் 200 சதுர அடி. 2011இல் வந்த பசுமை வீட்டில் 300 சதுர அடி, கூடவே சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள். 2016இல் தொடங்கிய மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் 25 சதுர மீட்டர், நம் கணக்கில் 269 சதுர அடி. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி, வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். இந்தக் கடைசித் திட்டம் பெருந்தன்மையின் உச்சத்துக்கே போனது. 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் என்று நிர்ணயித்துவிட்டு, மீதி 60 சதுர அடியின் கூரையைப் பயனாளியின் விருப்பத்துக்கு விட்டது. ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் மட்டும் கூடாது. பழைய காலத்தில் குடியானவன் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கை அரசன் எடுத்துக்கொண்டான். இன்று குடியானவனின் வீட்டில் ஆறில் ஒரு பங்கை அவனுக்கே விட்டுக்கொடுக்கும் அரசு வாய்த்திருக்கிறது.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீட்டோடு ஒப்பிட்டால்தான் மாதிரி வரைபடத்தின் அருமை தெரியும். பழைய வீடு வெறும் தங்குமிடமாக இல்லாமல் களஞ்சியம், அடுப்படி, ஆட்டுப்பட்டி, கோழிக்கூடு எல்லாமாக இருந்தது. தலைக்கு மேலே பரண். சாமையும் கேழ்வரகும் விதைக்கு எடுத்து வைத்த சோளக் கதிரும் அங்கே ஏறிவிடும். கீழே விறகடுப்பு எரியும். புகை பரண் வழியாக ஏறித் தானியத்தை ஈரமும் வண்டும் அண்டாமல் காத்து, கூரைப் புல்லில் பூச்சி விழாமல் காத்து, புல்லின் இடுக்கு வழியே வெளியேறும். ஒரே புகை மூன்று வேலை செய்தது. வெளியே திண்ணை, பகலில் புளி உடைக்க, கடுக்காய் பிரிக்க, இரவில் விருந்தாளி படுக்க. தடித்த மண் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராக்குளிரில் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுக்கும்.

இந்தக் குழப்பத்தையெல்லாம் வரைபடம் ஒரே கோட்டில் தீர்த்துவைத்தது. பரண் இல்லை, தானியம் மூட்டையாகக் கட்டில் இருக்க வேண்டிய இடத்தில் உட்காரட்டும். புகைக்கு வழியில்லை, அடுப்பைப் பற்றவைத்தால் வீடு முழுக்கக் கண் எரியும், தளம் கரி பிடிக்கும், எனவே அடுப்பே வெளியே போகட்டும். ஆட்டுக்கு வரைபடத்தில் இடமே கிடையாது. மெல்லிய கான்கிரீட் தளம் சித்திரையில் சுட்டு, தையில் குளிர்ந்து, அந்தந்தப் பருவத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து தருகிறது.

பணம் கொடுக்கும் முறையும் பாராட்டுக்குரியது. கடைக்கால், லிண்டல், தளம், முடிவு என்று கட்டம் கட்டமாகப் பில் போடுவார்கள். மத்திய அரசின் திட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடக்குறியோடு போட்டோ எடுத்துக் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். மணலும் ஜல்லியும் கம்பியும் கீழிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகின்றன, வண்டி வாடகையும் கூடவே ஏறுகிறது. அதற்காக வாங்கும் கடன் போட்டோவில் விழாது. சுவர் இருக்கிறதா என்பதைச் செயற்கைக்கோள் வரை போய்ச் சரிபார்க்கும் நாடு இது. உள்ளே எங்கே சமைக்கிறாய் என்று கேட்டு அந்தக் குடும்பத்தைச் சங்கடப்படுத்தாத நாகரிகமும் இதற்குத் தெரியும்.

இத்தனைக்கும் மத்தியத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே ஒரு வரி இருக்கிறது: உள்ளூர்த் தட்பவெப்பத்துக்கும் பொருள்களுக்கும் ஏற்ற பல வடிவமைப்புகளைப் பயனாளியின் முன் வைத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். அருமையான வரி. அதைத் தேயாமல் கசங்காமல் தாளிலேயே பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பொறுப்புணர்ச்சிக்கு ஈடில்லை. சிலி நாட்டுக் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அராவேனாவுக்கு இந்தப் பக்குவம் போதவில்லை. 2004இல் இகிகே நகரத்து ஏழைக் குடும்பங்களை உட்கார வைத்துப் பேசி, அரசுப் பணத்தில் பாதி வீட்டை உறுதியாகக் கட்டிக் கொடுத்து, மறுபாதியை அவர்கள் வசதிப்படி கட்டிக்கொள்ள இடம் விட்டார். 2016இல் அவருக்குக் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. நம் வரைபடம் எந்த விருதுக்கும் ஆசைப்பட்டதில்லை.

அதன் கொடை கட்டி முடித்ததோடு நிற்பதும் இல்லை. சில மழைக்காலம் போனால் தளத்தில் நீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், பூச்சு பாளம் பாளமாக விழும். 2000-01க்கு முன் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தனியாக ஒரு திட்டமே அறிவிக்க வேண்டியிருந்தது.

எனக்கு மிகப் பெரிதாகப் படும் சாதனை வேறொன்று. இந்த வரைபடம் மலைப் பெண்களைப் பொறியாளர்களாக்கியது. தொகுப்பு வீடுகளின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். தகரத்தையோ பழைய புல்லையோ போட்டு ஒரு சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். அதில் அடுப்பு. அடுப்புக்கு மேல் நாலு கழி கட்டி ஒரு சின்னப் பரண். ஓரத்தில் ஆட்டுக்குட்டிக்குப் படல். தண்ணீர் வராத கழிப்பறைக்குள் விறகு அடுக்கியிருக்கும். பூட்டிய கான்கிரீட் அறைக்குள் மூட்டைகள், மனிதர்கள் சாய்ப்பில். எந்தத் திட்டத்திலும் பில் போடாமல், கூலிக் காசை மிச்சம் பிடித்து, வீட்டைத் தங்கள் வாழ்க்கைக்குப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதிரி வரைபடம் போடப்போகிறவர் புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டாம். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு மலையேறி, அந்தச் சாய்ப்புகளின் நீளம், அகலம், பரணின் உயரம், புகை போகும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும். வரைபடத்தில் இல்லாத பாதி அங்கே ஏற்கெனவே கட்டி முடிந்திருக்கிறது.