அரை நொடி எங்கே போச்சு?

கோடு எல்லாவற்றையும் ஏ.ஐ.யே எழுதித் தள்ளுகிறது. நான் இன்னும் 'சி'யில் பாயின்டரோடு மல்லுக்கட்டத்தான் வேண்டுமா?
– கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு மாணவர், திண்டுக்கல்

கட்டுங்கள் தம்பி, விடாதீர்கள். ஒரு துப்பறியும் கதை சொல்கிறேன்.

2024 மார்ச் மாதம். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தன் லினக்ஸ் கணினியில் ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தார். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய வழக்கமாக 0.3 நொடி ஆகும். அன்றைக்கு 0.8 நொடி ஆனது. அரை நொடி கூடுதல். 'நெட் ஸ்லோ' என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குக் கிளம்புகிற சமாச்சாரம்தான். அவர் கிளம்பவில்லை. 'அந்த அரை நொடி எங்கே போச்சு?' என்று தோண்ட ஆரம்பித்தார்.

தோண்டியதில் கிடைத்தது ஒரு கள்ளக்கதவு. எக்ஸ்இசட் என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு. கோப்புகளைச் சுருக்கித் தருவது, உலகமெங்கும் லினக்ஸில் இருப்பது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ அந்தக் கதவை ஒளித்து வைத்திருந்தார்கள். வைத்த ஆசாமி இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பிறகு வைத்திருக்கிறார். மார்ச் 29 அன்று ஃப்ராயிண்ட் விஷயத்தை ஊரறியச் சொன்னார். இன்னும் சில மாதம் கழிந்திருந்தால் எண்ணற்ற சர்வர்களில் அந்தக் கதவு திறந்து கிடந்திருக்கும்.

ஏ.ஐ.யை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். நல்ல உதவியாள். ஆனால் அரை நொடியில் சந்தேகம் வருவதற்கு, அடியில் என்ன ஓடுகிறது என்று ஒருமுறையாவது கை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இந்த வாரமே 'சி'யில் ஒரு லிங்க்டு லிஸ்ட்டை நீங்களே எழுதுங்கள். வேண்டுமென்றே உடையுங்கள். செக்மென்டேஷன் ஃபால்ட் வரும். ஜிடிபி என்ற பிழைதேடும் மென்பொருளைத் திறந்து எந்த வரி எந்த முகவரியைத் தொட்டது என்று கண்டுபிடியுங்கள். அப்புறம் அதே நிரலை ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கி, எந்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்திருக்கிறது என்று தேடுங்கள். அதைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குத்தான் நாளைக்குச் சம்பளம்.

மெக்கானிக்கல் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பது போல வந்து விசாரிக்கிறார்கள். என்ன சொல்லி அனுப்புவது?
– முதலாண்டு மாணவர், விருதுநகர்

காப்பி கொடுத்து உட்கார வைத்து, அவர்கள் வீட்டு மின்சார ஸ்கூட்டரைக் காட்டுங்கள். 2022 கோடையில் நம் நாட்டில் அந்த வண்டிகள் சில நடுரோட்டில் தீப்பிடித்தது நினைவிருக்கும். லித்தியம் பேட்டரிக்கு நம் உடம்பைப் போல மிதமான சூடுதான் ஒத்துக்கொள்ளும். ஒரு செல் எல்லை மீறிச் சூடானால் பக்கத்துச் செல்லையும் சூடேற்றும், அது அடுத்ததை. அந்த வெப்பத்தை எப்படி வெளியே கடத்துவது என்பது ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடம். உங்கள் பாடம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்வண்டி செய்கிறவர்களுக்கு அது தெரிந்த ஆள் வேண்டும். கூடவே கொஞ்சம் பைத்தான், கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த தீபாவளிக்குள் விசாரணை நின்றுவிடும்.

ட்ரிபிள் இ படிக்கிறேன். தெருவில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.
– மூன்றாம் ஆண்டு மாணவி, தென்காசி

மெயினை அணைத்துவிட்டு, செருப்புப் போட்டுக்கொண்டு போய்ப் போட்டுக் கொடுங்கள். ஏன் போனது என்று கேட்டுவிட்டும் வாருங்கள்.

நாட்டுக்கே ஃப்யூஸ் போன கதை ஒன்று உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் சரிந்தன. இரண்டாம் நாளில் 60 கோடிக்கும் அதிகமான மக்கள் இருட்டில். நமக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், தென்னக மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் கோக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ரெய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகச் சேர்ந்தோம். அன்றிலிருந்து கன்னியாகுமரி மின்விசிறியும் காஷ்மீர் மின்விசிறியும் ஒரே 50 ஹெர்ட்ஸ் துடிப்பில் சுற்றுகின்றன. உங்கள் பக்கத்துக் காற்றாலைகளில் காற்று படுத்துக்கொண்டால், அந்தக் குறையை வேறெங்கோ ஒரு நிலையம் உடனே ஈடுகட்டியாக வேண்டும். சூரியமின்சக்தி பெருகப் பெருக இந்தச் சமநிலை வேலை இன்னும் கடினமாகும், ஆளும் அதிகம் வேண்டும். பவர் சிஸ்டம்ஸ் பாடத்தைத் தேர்வுக்கு முந்தின ராத்திரிக்கு ஒதுக்கி வைக்காதீர்கள்.

பணம் கட்டினால் பெரிய ஐ.டி. கம்பெனியில் பின்வாசல் வழியாக வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.
– பெற்றோர், வேலூர்

கொடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டரையே அச்சடித்துக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர் உங்களுக்குத்தான் சம்பளம் தர வேண்டும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது, ரிப்போர்ட்டும் சேர்த்தே தருகிறார்கள். வாங்கினால் என்ன?
– நான்காம் ஆண்டு மாணவர், சேலம்

ஒரு முறை நேர்காணல் எடுக்கப் போயிருந்தேன். ஒரு பையன் அழகான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி. எல்.இ.டி.க்குப் பக்கத்தில் இருந்த ரெசிஸ்டரைக் காட்டி, 'இது எதுக்கு தம்பி?' என்றேன். முகம் வெளிறிவிட்டது. தாளை எடுத்து இருவரும் போட்டுப் பார்த்தோம். 5 வோல்ட் வருகிறது, எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் 3. அதை 330 ஓமால் வகுத்தால் சுமார் 9 மில்லிஆம்பியர். 'இது இல்லன்னா பல்பு கருகிடும், இல்லையா சார்?' என்று அவரே சொன்னார். கண்ணில் ஒரு வெளிச்சம். நாலு வருடத்தில் வந்திருக்க வேண்டிய வெளிச்சம் அது. கடைக்காரருக்குக் கொடுத்த பணத்தில் போய்விட்டது. எனக்கு அன்று முழுக்க மனசே ஆறவில்லை.

அதே கருவியை நீங்களே செய்து ஒரு பூந்தொட்டியில் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். விலை மலிந்த ஈரப்பத சென்சாரின் கால் அரித்துப்போயிருக்கும். ஈர மண்ணில் ஓயாமல் மின்சாரம் பாய்ந்தால் அப்படித்தான் ஆகும். அளக்கும்போது மட்டும் மின்சாரம் கொடுத்தால் வெகுநாள் தாங்கும். நேர்காணலில் இதைச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

ஐந்து அரியர். எல்லாம் முடிந்துவிட்டதா?
– பெயர் வேண்டாம், திருச்சி

அரியர்தான் பாக்கி இருக்கிறது, வாழ்க்கை முழுசாக இருக்கிறது. இந்த செமஸ்டரில் இரண்டை மட்டும் எடுங்கள், மிச்சத்தை அடுத்ததில் பார்க்கலாம். பழைய வினாத்தாள் ஐந்து வருடத்துடையது வாங்கி, பாஸ் பண்ணின நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். ராத்திரி தூக்கம் வராத அளவுக்குப் பயமாக இருந்தால் வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அம்மா திட்டுவார். திட்டிவிட்டுச் சோறு போடுவார்.

டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்தேன். வகுப்பில் கொஞ்சம் இளக்காரமாகப் பார்க்கிறார்கள்.
– இரண்டாம் ஆண்டு மாணவர், கடலூர்

பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்கிறேன். விழுப்புரத்தில் பாலிடெக்னிக், சென்னையில் பி.இ., திருச்சியில் எம்.டெக்., அப்புறம் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநர் அவர்தான்: வீரமுத்துவேல். லேத்தில் கை வைத்துப் பழகியவர் நீங்கள். வொர்க்‌ஷாப் வகுப்பில் உங்களைச் சுற்றித்தான் கூட்டம் கூடும், பாருங்கள்.

இ.சி.இ. படித்தவர்கள் எல்லோரும் ஐ.டி.க்கே போகிறார்கள். சிப் டிசைன் எல்லாம் நமக்குக் கிடைக்குமா?
– மூன்றாம் ஆண்டு மாணவி, கோவை

1985 ஏப்ரல் 26, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். ஏகார்ன் என்ற சின்ன கம்பெனியில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் வந்து சேர்ந்தது. மாட்டியதும் ஓடியது. எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்தால் மீட்டரில் பூஜ்யம்! தேடிப் பார்த்தால் போர்டில் சிப்புக்கு மின் இணைப்பே கிடைத்திருக்கவில்லை. மற்ற கால்கள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிக்கனக் குடும்பத்தின் வாரிசுதான் இன்று உங்கள் கைபேசியில் இருக்கிறது.

நம் ஊரில் சென்னை ஐ.ஐ.டி. 'சக்தி' ப்ராசஸரைச் செய்திருக்கிறது. அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பில் அமைந்தது. யாருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை. சுற்றை நிரலாக எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் ஐகாரஸ் வெரிலாக் மென்பொருளும் இலவசம். எட்டு பிட் கூட்டும் சுற்று ஒன்றை எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, அதைத் தவறு செய்ய வைக்கிற டெஸ்ட்பெஞ்ச் எழுதுங்கள். இந்தத் துறையில் பலருக்கும் முதல் வேலை வெரிஃபிகேஷனில்தான் கிடைக்கிறது.

நான் பட்டு நெசவாளி. மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அவள் பாடத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, ஆரணி

ஐயா, தெரிய வேண்டியது உங்கள் தலைக்கு மேலேயே தொங்குகிறது. தறியில் ஜக்கார்டு பெட்டியும் அட்டைச் சங்கிலியும் இருக்கிறதல்லவா? 1804-ல் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு என்ற நெசவாளி மகன் உருவாக்கியது. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி மேலே போகும், இழை தூக்கும். ஓட்டை இல்லையென்றால் தூக்காது. ஒன்று, பூஜ்யம். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறிக்குக் கட்டளை கொடுக்க இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தறிமேடைக்குக் கூப்பிடுங்கள். உங்கள் பெட்டி 240 கொக்கி என்றால் ஓர் அட்டை 30 பைட். ஒரு முந்தானைக்கு எத்தனை அட்டை என்று நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பூ எத்தனை பைட் என்று அவர் கணக்குப் போடட்டும். ஓர் அட்டை மட்டும் மாறி விழுந்தால் அன்னத்தின் கழுத்து எப்படிக் கோணிக்கொள்ளும், அதை எங்கே தேடிப் பிடிப்பீர்கள் என்பதை அவருக்குக் காட்டுங்கள். அவர் வகுப்பில் அதற்குப் பெயர் பிழைதிருத்தம். உங்களுக்கு அதில் எத்தனை வருட அனுபவம் என்று அவர் கேட்பார், சொல்லுங்கள்.