முழுப் பாட்டையும் கேளுங்கள்!

கேள்வி: அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. கையில் ஒட்டும் சென்சாரைத் தம்பி வாங்கித் தந்திருக்கிறான். இனி விரலைக் குத்த வேண்டாமா? வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறதாமே, மாத்திரையை விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், பண்ணைப்புரம்

பதில்: இளையராஜா பிறந்த ஊர்க்காரருக்கு இசையிலேயே சொல்கிறேன். விரலில் குத்திப் பார்ப்பது ஒற்றை ஸ்வரம். சென்சார், இரவும் பகலும் ஓடும் முழுப் பாட்டு. மேல்கையில் நாணயம்போல ஒட்டிக்கொண்டு, தோலுக்கடியில் முடி போன்ற இழையால் இரண்டு வாரம்வரை அளவு சொல்லும். ஒரு கொத்து கம்பம் பன்னீர்த் திராட்சை உள்ளே போனதும் போனில் கோடு ஏறுவதை அப்பாவே பார்ப்பார். நீங்கள் நூறு முறை சொல்லியும் கேட்காததை அந்தக் கோடு ஒரே முறையில் புரியவைக்கும்.

ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலடித் திரவத்தை. அதனால் சில நிமிடம் பின்தங்கும். வியர்த்துக் கை நடுங்கினால் விரலைக் குத்திச் சரிபாருங்கள். 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

வாராந்தர ஊசியான டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. பசியை அடக்கி, சர்க்கரையையும் எடையையும் இறக்கும். எல்லோருக்கும் பொருந்தாது. மாத்திரையை நிறுத்துவது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

சென்சார் வாங்க வசதியில்லாத பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்: 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வரும். கருவி எதுவானாலும், மருந்தும் நடையும் அளவுச் சாப்பாடும்தான் தாளம். அது தப்பினால் எந்தப் பாட்டும் நிற்காது.