அறக்குளா ஒண்டு, தோள் நாலு

வா தம்பி, இரு. அந்த ஐஸ் பெட்டிக்கு மேல குந்தாத, மூடி வெடிச்சுக் கிடக்கு. வலைக்கு இங்கால வந்து இரு. போனை வைச்சுப்போட்டு வா எண்டு நான் சொல்ல மாட்டன், கையிலயே கிடக்கட்டும். ராவில அது பக்கத்தில இல்லாட்டி உனக்கு நித்திரை வராதாம் எண்டு கொம்மா சொன்னவ. நானும் சின்னனில என்ர அம்மான்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டுதான் படுத்தனான். அதில குறை சொல்ல என்ன கிடக்கு?

கூப்பிட்டது நேத்தைய அறக்குளாக் கதைக்கு. 12 கிலோ தேறும். பிடிச்சவன் ராமுழுக்கக் கடலில கிடந்துபோட்டு, உப்பில விறைச்ச கையோட வள்ளத்தை ஏத்திவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணிக்குத்தான் அங்கால திரும்பினவன். அவன் கோப்பையை வாயில வைக்க முதல் மீன் உன்ர தோளில. கறுப்புக் கண்ணாடி, முழங்கால் கிழிஞ்ச காற்சட்டை, கடலைப் பார்த்து ஒரு பார்வை. பிறகு உன்ர சிநேகிதன்ர தோளில. அதுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். கடைசியா வந்தவனுக்கு மீன் பாரம் தாங்கேல்லை. வால் மணலில இழுபட்டது. நான் இந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்து எல்லாம் பார்த்தனான்.

வெயில் ஏறிட்டுது. கூலர்க்காரன் வந்தான். செவுளைத் திறந்து பார்த்தான், விரலால வயித்தை அமத்திப் பார்த்தான், மீன் வாடிப்போச்சு எண்டு கிலோவுக்கு 50 ரூபா குறைச்சான். 600 ரூபா போச்சு. பின்னேரம் உன்ர தங்கச்சி எனக்குப் போனில காட்டினவள்: ஒரே அறக்குளா, நாலு பேர், நாலு பேஸ்புக். எல்லாத்துக்கும் கீழ "இண்டைய வேட்டை." நாலு பேரின்ர லைக்கையும் கூட்டிச் சொல்லு எண்டன். 600க்குக் கிட்ட வந்தது. ஒரு லைக் ஒரு ரூபா. விலை மோசமில்லை ராசா, காசு கட்டினவன்தான் ஒரு படத்திலயும் இல்லை.

ஏசுறன் எண்டு நினையாத. தொழில் சொல்லித் தரத்தான் கூப்பிட்டனான். இரவல் மீனோட படம் எடுக்கிறதெண்டாலும் ஒரு முறை கிடக்கு. நீ அந்த மீனை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோற பிள்ளை மாதிரித் தோளில சாத்தி இரண்டு கையாலயும் அணைச்சு வைச்சிருக்கிறாய். கடல்காரன் செவுளுக்குள்ள விரலை விட்டுத் தூக்குவான். கனடாவில கிடக்கிற உன்ர மாமன் 30 வருசம் பனி வழிச்சாலும் வங்காலையில பிறந்தவர். படத்தைக் கண்ட உடனேயே எனக்கு எடுத்துச் சிரிச்சவர். அடுத்தமுறை விரலை உள்ளுக்கு விடு. சளி ஒட்டும், பரவாயில்லை. அந்த மணம் படத்தில வராது.

அங்கால கரையையும் பார். மூக்கையூரில ஒரு பெடியன் "உங்கள் மீனவன்" எண்டு சனல் வைச்சிருக்கிறான், "தூத்துக்குடி மீனவன்" எண்டு இன்னொருத்தன். எல்லாம் எங்கட மன்னார்க் குடாவுக்கு எதிர்க்கரை, அதே கச்சான் காத்து, அதே கணவாய். லட்சக்கணக்கில சனம் பார்க்குதாம். நானும் பார்த்தனான். வலையில கல் வந்தா கல்லைக் காட்டுறாங்கள், வள்ளத்தில உலை வைச்சா உலையைக் காட்டுறாங்கள். நான் பார்க்கிறது அவங்கட கையை. அது பொய் சொல்லாது.

சரி, மீனை விடு. போன மாசம் பூநாரைக்கு நடுவில நிண்டு எடுத்தாயே ஒரு படம், "என்னைப் போல அழகு" எண்டோ என்னவோ எழுதி. எங்கட வங்காலைச் சரணாலயம் 2008 இல அறிவிச்சது, 2010 இல ராம்சார் பட்டியலிலயும் போட்டவை, 4,839 ஹெக்டேயர். உலகமே மதிச்ச இடம். நீ அதுக்குள்ள ஓடிப்போய்க் கையைத் தட்டி எல்லாத்தையும் எழுப்பினாய், பறக்கிற படம் நல்லா வரும் எண்டு. எத்தினை கடல் தாண்டி வந்து, சேத்துக்குள்ள தலைகீழாக் குனிஞ்சு ஒரு வாய் தின்னுற சீவன்களடா.

அந்தச் சிவப்பு எங்கால வந்தது எண்டு தெரியுமோ உனக்கு? பூநாரைக் குஞ்சு பிறக்கேக்க சாம்பல் நிறம். உப்புத் தண்ணியில கிடக்கிற கூனியையும் பாசியையும் திண்டு திண்டு, வருசக்கணக்கில மெல்ல மெல்லச் சிவக்கும். தீனி மாறினா நிறம் வெளிறிப்போகும். உன்ர போனில பில்டர் எண்டு ஒண்டு கிடக்கே, அதில ஒரு தட்டு, உடன நிறம். நேத்து எங்களோட ஆத்துவாய்க்கு வந்து கறுத்துப்போய் இருந்த நீ, ராத்திரிப் படத்தில பால் போல இருக்கிறாய். கனடா மாமி கேட்டவ, பெடியனுக்குச் சோகையோ எண்டு.

இன்னொண்டு, அரிப்பு அல்லிராணிக் கோட்டையில எடுத்த படம். "ராணியின் கோட்டையில் ராஜா." வடிவா இருந்தது. ஆனா அந்தக் கோட்டையே ஒரு பொய்ப் புரொபைல் தம்பி. அதைக் கட்டினது 1800களின்ர தொடக்கத்தில வெள்ளைக்காரத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்த்துக்கொண்டு தங்கியிருக்க. கதையில வாற அல்லிராணி அதில ஒரு நாளும் படுத்தெழும்பேல்லை. வெள்ளைக்காரன்ர பேர் சனத்துக்கு வாயில நுழையேல்லை, ராணி பேர் நுழைஞ்சுது. இப்ப கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாத் திண்டுகொண்டிருக்கு. கடலுக்கு ஆற்ற பேர் எண்டு கவலையில்லை.

முத்துக்குளிப்பு எண்டதும் கலியாணக் கதை ஞாபகம் வருது. அந்தக் காலத்தில கரைக்கு வந்த சிப்பியை ஆயிரம் ஆயிரமா வகுத்து, திறக்காமலே ஏலத்தில விடுவினம். உள்ளுக்கு முத்தோ வெறும் சதையோ, வாங்கினவன்ர விதி. 1905 இல அப்பிடி ஒரு விளைச்சல், அதுக்கு முதல் காணாத விளைச்சல். அதைப் பார்த்து வாய் ஊறி, அடுத்த வருசம் லண்டன் கம்பனி ஒண்டு முத்துப்பார் முழுக்கக் குத்தகைக்கு எடுத்தது. கொஞ்ச வருசத்தில சிப்பியைக் காணேல்லை, கம்பனியும் மூடுப்பட்டுது. போன வருசப் படத்தைப் பார்த்து வியாபாரம் செய்தவன் கதை அது. இப்ப கொக்காவுக்குப் பேசி வந்த கட்டார் மாப்பிள்ளையும் அப்பிடித்தானே? வெள்ளைக் காரில சாய்ஞ்சு நிக்கிற படம் 14. ஒரு படத்திலயும் கார்க் கதவு திறந்து கிடக்கேல்லை. நான் உன்ர அப்பனிட்டச் சொன்னனான், கதவு திறந்து, உள்ளுக்கு இருந்து, திறப்பைக் கையில பிடிச்ச படம் ஒண்டு கேட்டுப் பார் எண்டு. பிறகு அந்தப் பக்கத்தால ஒரு சத்தமும் இல்லை.

நீ வெளிநாடு போக நிக்கிறாய் எல்லே? அமெரிக்காக்காரன் 2019 இல இருந்து விசாப் படிவத்தில, ஐஞ்சு வருசத்துக்குள்ள நீ என்னென்ன சமூக ஊடகத்தில என்ன பேரில இருந்தனி எண்டு கேக்கிறான். 2025 ஆனியில, படிக்கப் போற பிள்ளையள் பூட்டி வைச்ச கணக்கையெல்லாம் திறந்து விடவேணும் எண்டும் சொல்லிப்போட்டான். இதை எனக்குச் சொன்னது உன்ர தங்கச்சி, அவள் பூட்டித்தான் வைச்சிருக்கிறாள், கெட்டிக்காரி. உன்ர கணக்கு மட்டும் ஆலமரத்தடி மாதிரி, ஆரும் வந்து குந்தலாம். "வங்காலை டொன்" எண்டு பேர். விசா அதிகாரி கேப்பான், டொன், நீர் எந்தக் கூட்டத்துக்கு டொன் எண்டு. அறக்குளாக் கூட்டத்துக்கு எண்டு சொல்லு. எங்கட ஊரிலயும் சட்டம் கிடக்கு, 2024 இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். கள்ளப் பேரில இன்னொருத்தனா நடிச்சு ஏமாத்தினா அதில குற்றம். அந்தச் சட்டம் ஆரைப் பிடிக்கும், ஆரை விடும் எண்டது வேற கதை. வலைக்கண் அளவைப் பார்த்தா சின்ன மீனைப் பிடிக்கிற வலை மாதிரித்தான் எனக்குத் தெரியுது.

வேசம் போடாத எண்டு சொல்ல எனக்கு வாய் கிடையாது. நானே வேசக்காரன். மூவிராசர் கூத்தில நான் ஏரோது. முகம் முழுக்க முத்துவெள்ளை, தகரத்தில வெட்டின முடி, கண்ணாடித் துண்டு ஒட்டின தோள்பட்டை. நான் வாறன் எண்டு சபைக்குச் சொல்லக் கட்டியகாரன் எண்டு தனியா ஒருத்தன் இருந்தான். நீங்கள் பாவம், அதையும் நீங்களே செய்யவேணும். கூத்துப் பழக்கின அண்ணாவியார் கரையில இருப்பார். ஒரு அடி பிழைச்சாத் தாளத்தை நிப்பாட்டிப்போட்டு, ராசா எண்டும் பாராமல், "மூதேவி, திரும்பப் பாடு" எண்டுவார். சபையும் சும்மா இராது. பாயில படுத்துக்கிடந்த கிழவியள்கூடத் தலையை நிமித்திப் பிழை சொல்லுவாளவை. உனக்கு ஆர் பிழை சொல்லுறது? உன்ர கொமென்ற் முழுக்கப் பார்த்தனான், "சுப்பர் மச்சான்", "தீ மச்சான்", "வேற லெவல் மச்சான்." எல்லாம் மச்சான்மார். ஒரு மாமன் இல்லை, ஒரு கிழவி இல்லை.

ஒரு வருசம் விடிய கூத்து முடிஞ்சுது. மங்களம் பாடினதும் மற்ற ராசாமார் எல்லாரும் கிணத்தடிக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் தேய்ச்சினம். எனக்குக் கழுவ மனம் வரேல்லை. கரையில பெட்டையள் தண்ணிக்கு வாற நேரம், ஏரோதை ஒருக்காக் காணட்டும் எண்டு அப்பிடியே கடலடிக்குப் போனன். என்ர ஐயா வள்ளத்தில ஏறி இருந்தவர். என்னை மேலயும் கீழயும் பார்த்தார். சிரிக்கேல்லை. எழும்பி நிண்டு இரண்டு கையையும் கட்டி, குனிஞ்சு, "ஏரோது ராசாவே, தண்டு வலியும்" எண்டார். கரை முழுக்கச் சிரிச்சுது. வேர்வையும் உப்புத் தண்ணியும் பட்டு முத்துவெள்ளை கண்ணுக்குள்ள இறங்கி, பத்து மணிக்குக் கரைக்கு வரேக்க எனக்கு இரண்டு கண்ணும் தெரியேல்லை. அண்டைக்குப் பிடிபட்டது சூடை மட்டும். ஏரோதுக்கு ஒரு கூடைச் சூடை.

நீயும் ஒரு காலம் நல்ல காரியம் செய்தனி, அதையும் சொல்லவேணும். 2020 இல மன்னார்த் தீவுக் கரையில தம்பபவனிக் காத்தாலை 30 கோபுரத்தோட எழும்பினவுடன, எல்லாப் பெடியளும் அதுக்கு முன்னால நிண்டு படம் எடுத்தியள். 2025 ஆவணியில, புதுக் காத்தாலை வேண்டாம், கனிய மணல் அகழ வேண்டாம் எண்டு மன்னார் ரவுணில சனம் நாள்க்கணக்கா இருக்கேக்க, அதே பெடியள் அதே போனைத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டியள். அண்டைக்கு நீ எடுத்த படத்தில உன்ர முகம் இல்லை. ஒரு கிழவியின்ர கால், சேறு பிடிச்ச செருப்பு, பக்கத்தில போத்தல் தண்ணி. அந்தப் படத்துக்கு எத்தினை லைக் வந்தது? 41ஆ? எனக்குத் தெரியும். அதில ஒண்டு நான் போட்டது.

ஓம், எனக்கும் கணக்குக் கிடக்கு. தங்கச்சிதான் திறந்து தந்தவள். புரொபைலுக்குப் படம் இல்லாமல் வெறும் தலை மாதிரி ஒண்டு நிக்குது. பழைய படங்களைக் கிண்டிப் பார்த்தன். ஒண்டு கடற்படைப் பாஸுக்கு எடுத்தது. சிரிக்கக்கூடாது, கறுப்புக் கண்ணாடி கூடாது, அந்த முகத்தோட கடலுக்குப் போனாத்தான் அந்த முகத்தோட திரும்பலாம். இன்னொண்டு 1990 இல ஓடிப்போய் மண்டபம் முகாமில பதியேக்க எடுத்தது. நான், உன்ர பெரியம்மா, மூண்டு பிள்ளையள், நிரைக்கு நிண்டு. அந்த இரண்டையும் போட எனக்கு மனமில்லை. அதில நான் சரியாத்தான் இருக்கிறன், அதுதான் பிரச்சினை.

மூண்டாவது, பொம்பிளை பார்க்க அனுப்பினது, 1976. மன்னார் ரவுண் ஸ்ரூடியோவில, பின்னால தாஜ்மகால் கீறின துணி, ஸ்ரூடியோக்காரன்ர கோட்டு, தரகர்ர மணிக்கூடு. கையை மடிச்சு மணிக்கூடு நல்லாத் தெரியிற மாதிரி வைச்சிருக்கிறன். அந்தப் படம் பெரியம்மா வீட்டுக்குப் போச்சு, சம்மதம் வந்தது. ஆனாள் கோயிலில தாலி கட்டி, வீட்டுக்கு வந்து, பால் பழம் தந்து, ஆக்கள் கலைஞ்ச பிறகு அவ முதல் முதல் என்னோட கதைச்ச கதை என்ன தெரியுமோ? "மணிக்கூடு எங்க?" 50 வருசமாச்சு. இப்பவும் நேரம் கேட்டா, சொல்ல முதல் என்ர மணிக்கட்டைத்தான் பார்க்கிறவ.

புதுசா ஒண்டு எடுப்பம். வெயில் சாயுது, வெளிச்சம் நல்லாக் கிடக்கு. இந்தக் கிழிஞ்ச வலை தெரியட்டும், காரியமில்லை. வெத்திலைப் பல்லை மட்டும் கொஞ்சம் பார்த்து எடு. பெரியம்மாவையும் கூப்பிடு, இரண்டு பேருமா நிப்பம். என்னவாம்? சத்தமாச் சொல்லச் சொல்லு, எனக்குக் கேக்கேல்லை. மணிக்கூடு கட்டினாத்தான் வருவாவாமோ?

தம்பி, உன்ர கையில கிடக்கிற அந்தக் கறுப்புச் சாமான், அதில நேரமும் காட்டுமெல்லே? ஒருக்காக் கழட்டித் தா.